தடம் பார்த்தவன் பங்கு

ஊரைவிடக் காடு பெரிதாக இருந்த காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் சடையன் என்று ஒரு வேடன் இருந்தான், கேளுங்கள். மண்ணைப் பார்த்தே எந்த விலங்கு எப்போது எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவான். அவன் வாயில் பொய் வந்ததே இல்லை. காட்டில் ஆபத்து இல்லை என்று அவன் சொன்ன பிறகுதான் ஊர்ப் பெண்கள் ஓடையைத் தாண்டிக் கிழங்கு தோண்டப் போவார்கள்.

அந்த ஊர் வழக்கம் இது: வேட்டை விழுந்தால் அம்பு எய்தவனுக்கு ஒரு பங்கு, தடம் பார்த்தவனுக்கு ஒரு பங்கு, கூட ஓடிய நாய்க்கும் ஒரு பங்கு. பங்கு பிரிப்பவன் தலைவன் வல்லாளன்.

முதல் வேட்டையில் புள்ளிமான் விழுந்தது. சடையனின் பங்கைத் தலைவன் தன் மச்சானுக்குக் கொடுத்தான். மச்சான் அன்று முழுக்க வீட்டில் படுத்துத் தூங்கியவன். சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இரண்டாம் வேட்டையில் கடமான் விழுந்தது. அப்போதும் பங்கு மச்சானுக்கே. “என் பங்கு எங்க தலைவரே?” என்று கேட்டான் சடையன்.

“குனிஞ்சு மண்ணைப் பார்த்ததுக்கெல்லாம் கறியா?” என்றான் தலைவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் வேட்டையில் நாய்க்குப் பங்கு விழுந்தது, சடையனுக்கு இல்லை. வெறுங்கையோடு வந்தவனை ஓடைக்கரையில் மருதி பார்த்தாள். புருஷனை இழந்து, கிழங்கு தோண்டி இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். “உங்க வீட்டுல அடுப்பெரிய வேண்டாமாண்ணே?” என்று தன் கூடையில் பாதியை அவன் துண்டில் கொட்டினாள்.

சடையனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

நான்காம் வேட்டையில், தலைவனின் அம்பு பட்ட காட்டுப்பன்றி ஒன்று ஓடி மறைந்தது. ஓடைக்கு அப்பாலிருந்த புதருக்குள் ரத்தச்சொட்டு போவதைச் சடையன் மட்டும் கண்டான். பன்றி உள்ளேதான் படுத்திருந்தது.

“எங்கடா போச்சு?” என்றான் தலைவன்.

இவனும் ஒருநாள் வெறுங்கையோடு வீடு போகட்டுமே என்று நினைத்தான் சடையன். ரத்தத்தைக் காலால் மண் தள்ளி மூடினான். “மலையேறிடுச்சு தலைவரே” என்றான். பிறந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்!

வேடர்கள் எல்லோரும் அவன் பின்னால் மலையேறினார்கள். போகிற போக்கில் ஒருவன், பன்றி மலையேறிவிட்டதாம், சடையன் சொல்கிறான் என்று ஓடைக்கரைப் பெண்களுக்குக் குரல் கொடுத்தான். கோபத்தில் இருந்த சடையனுக்கு அந்தப் பெண்களின் நினைவே வரவில்லை.

“சடையண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மருதி முதல் ஆளாக ஓடையைத் தாண்டினாள்.

மலைமேல் நின்ற சடையனுக்கு அவள் அலறல்தான் கேட்டது. ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பன்றியைக் கொன்றார்கள். மருதியைப் பாயில் கிடத்தினார்கள்.

“நான்தான் பொய் சொன்னேன், நான்தான்!” என்று சடையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஒருவரும் நம்பவில்லை. “துக்கத்துல உளறுறான். பன்னி மலையிலிருந்து திரும்பி இறங்கியிருக்கும். சடையனாவது பொய் சொல்றதாவது!” என்றார்கள்.

தலைவன் வல்லாளன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு மனம் இளகியது. பன்றியின் முன்னங்காலை அறுத்துச் சடையன் கையில் வைத்தான். “இந்தாடா, தடம் பார்த்தவன் பங்கு.”

மருதியின் பிள்ளைகள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நியாயம் கிடைக்காதவன் ஒருநாள் பொய் சொல்லத் துணிவான், ஆனால் அந்தப் பொய் அநியாயம் செய்தவனை விட்டுவிட்டு, தன்னை நம்பியவரைத்தான் கொல்லும்.