நாளைத் தெருவில் கவிழ்த்த கூடைகள்

மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு நாட்டைச் சேந்தவர்மன் என்ற மன்னன் ஆண்டுவந்த காலம் அது. அந்த அரண்மனையில் சிரிப்புச் சத்தம் நின்றுபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அரசி அல்லியங்கோதை கோபித்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்.

சண்டை சின்னதுதான். அவள் ஆசையாக ஒரு பாட்டுப் பாடி முடித்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டாள். எல்லைத் தகராறு பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மன்னன், "எது?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான்.

"போனவள் தானே வரட்டும்" என்று வீம்பாகச் சொன்னான் மன்னன். ஆனால் சாப்பிட உட்காரும்போது வலப்பக்கத்தில் இடம் விட்டே உட்கார்ந்தான். மாலையானால் மேல்மாடத்தில் போய் நிற்பான். அக்கரையிலிருந்து ஓடம் வந்து ஆட்கள் இறங்கும்போது அவன் கழுத்து தானாக நீளும். கடைசி ஆளும் இறங்கிய பிறகு, மேகம் பார்க்க வந்தவனைப் போல வானத்தைப் பார்ப்பான்.

அரசவை விகடகவி விடங்கன் பாடுதான் திண்டாட்டம். அவன் சொல்லும் வேடிக்கைக்கு முதலில் அரசி சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மன்னன் சிரிப்பான். இப்போது விடங்கன் பாதிக் கதையிலேயே காலி ஆசனத்தைப் பார்த்துவிட்டு, மீதியை மறந்துபோனான்.

தலைநகரில் நாளைத் தெரு என்று ஒரு கடைத்தெரு இருந்தது. அங்கே விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. நடக்கப்போவதைப் பற்றிப் பந்தயம் வைப்பார்கள். பௌர்ணமிக்குள் மழை வருமா, பட்டத்து யானை கன்று ஈனுமா, நாளை காற்று தெற்கே திரும்புமா என்று ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கூடைகள் வைத்திருப்பார்கள். ஒன்று 'ஆகும்', மற்றது 'ஆகாது'. வைக்கிறவர்கள் காசோடு தங்கள் அடையாளம் கீறிய மரவில்லையையும் போடுவார்கள். கெடு முடிந்ததும் கூடையைத் திறந்து, தோற்ற கூடையில் இருப்பதை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்தக் கூடை கனக்கிறது என்று பார்த்துத்தான் மீனவர்கள் வலை எடுப்பார்கள், உழவர்கள் விதை எடுப்பார்கள்.

ஒருநாள் அந்தத் தெருவில் யாரோ ஒரு புதுக் கேள்வியை வைத்துவிட்டார்கள்: அரசி திரும்பி வருவாளா?

அமைச்சர் விசயராயர் அதை ஓடோடி வந்து மன்னனிடம் சொன்னார். மன்னன் முகம் சிவந்துபோயிற்று. "என் வீட்டு ஏக்கம் கடைத்தெருச் சரக்கா? அடையுங்கள் அந்தத் தெருவை!"

தெரு அடைக்கப்பட்டது. கடைக்காரர்கள் பதறிக்கொண்டு தங்கள் சங்கத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துச் சந்தாவாகக் கொடுத்து அவர்கள் வளர்த்த சங்கம் அது. அரசாங்கத்திடம் நமக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்றுதான் கொடுத்தார்கள். தலைவர் நாகணன் பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பௌர்ணமிக்குள் தெரு எல்லோருக்கும் திறந்துவிடும். தைரியமாகப் போங்கள்" என்றார். அன்று மாலை சங்க மண்டபத்தில் அமைச்சருக்கு விருந்து.

காற்றுக்கூடை வைத்திருந்த சாத்தி என்ற பெண் மட்டும் விடங்கன் வீட்டுக்கு வந்தாள்.

"ஐயா, எங்க வயித்துப் பாட்டை யாருகிட்ட சொல்றது? தலைவர் பேசுவார்னுதான் நம்பிக் கெடக்கோம். ஆனா அவரு ராசா முன்னாடி எங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசின மாதிரி தெரியலையே."

"அவரை நம்பவில்லையா அம்மா?"

"நம்பணும்னு ஆசையா இருக்கு ஐயா" என்றாள் அவள்.

மறுநாள் சபையில் விடங்கன் எழுந்தான். "மன்னா, நாளைத் தெரு மக்கள் பட்டினி கிடக்கிறார்கள்."

விசயராயர் குறுக்கிட்டார். "அரசே, அம்மக்களுக்குச் சங்கம் இருக்கிறது. சங்கமே வாய்மூடி இருக்கையில் இந்தக் கோமாளிக்கு ஏன் கவலை? சங்கத்தால் அவர்களுக்குப் பயனில்லை என்று இவன் சொல்வானானால், இன்று அந்திக்குள் நிரூபிக்கட்டும். ஆனால் எந்த வாயும் சங்கத்தைக் குறைசொல்லக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

மன்னனுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டான்.

"எனக்கு ஒரே ஒரு வரம் வேண்டும் மன்னா" என்றான் விடங்கன். "இன்று ஒரு நாள் மட்டும் தெருவில் ஒரு கேள்விக்குக் கூடை வைக்க அனுமதி கொடுங்கள். வென்றவர்களுக்கு அரண்மனையிலிருந்து இரட்டிப்பாகத் தருவதாகவும் அறிவியுங்கள்."

"கேள்வி என்ன?"

"பௌர்ணமிக்குள் நாளைத் தெரு எல்லோருக்கும் திறக்குமா?"

அதில் சங்கத்தின் பேரே இல்லை. அமைச்சர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

தெருமுனையில் கூடைகளை வைத்து, சுற்றிலும் திரை கட்டினார்கள். காலை முழுவதும் ஆட்கள் வந்து போனார்கள். நாகணன் கூட்டத்தின் நடுவே நின்று, "திறக்கும், திறக்கும், நான் பொறுப்பு!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரைக்குள் போனார். சங்க நிர்வாகிகளும் பின்னாலேயே போனார்கள். பௌர்ணமிக்கு முன் கூடையைத் திறக்க மாட்டார்கள் என்பது தெருவின் வழக்கம். ஆகவே எல்லோரும் நிம்மதியாக வந்து போனார்கள்.

அந்தி சாய்ந்தது. மன்னன் வந்தான். "விடங்கா, உன் நிரூபணம் எங்கே?"

விடங்கன் பேசவில்லை. இரண்டு கூடைகளையும் தூக்கி, மன்னனின் காலடியில் கவிழ்த்தான்.

'ஆகும்' கூடையிலிருந்து சோழியும் செப்புக்காசும் கலந்து கொட்டின. நடுவே சாத்தியின் வில்லை, மழைக்கூடை வைத்திருந்தவனின் வில்லை, தெருவில் இருந்த அத்தனை சின்னக் கடைக்காரர்களின் வில்லைகள். 'ஆகாது' கூடையிலிருந்து கொட்டியதெல்லாம் பொன். அதனோடு சங்கச் சின்னம் பொறித்த வில்லைகள். நாகணனுடையது மேலே கிடந்தது. அடியில், விசயராயரின் முத்திரை பொறித்த ஒரு வில்லையும் கிடந்தது.

மன்னன் நாகணனைப் பார்த்தான். "திறக்கும், நான் பொறுப்பு என்று சொன்னவர் நீர். திறக்காது என்று பொன் வைத்தவரும் நீர். உண்மையைச் சொல்லும்."

நாகணன் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பௌர்ணமி கழிந்ததும் சங்க நிர்வாகிகளின் கடைகளுக்கு மட்டும், திறப்பதற்கான அரச முத்திரை வாங்கித் தருவதாக அமைச்சர் வாக்களித்திருந்தார். சின்னக் கடைகள் நிரந்தரமாக மூடியிருப்பதற்குத்தான் அந்த விருந்து.

விசயராயர் கடைசியாக ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தார். "அரசே! எந்த வாயும் குறைசொல்லக் கூடாது என்பது நிபந்தனை. கூடைக்கும் வாய் உண்டு. கூடையின் வாய் சொல்லிவிட்டதே!"

"அமைச்சர் சொல்வது சரிதான்" என்றான் விடங்கன். "அதற்காகத்தான் கவிழ்த்தேன். பாருங்கள், இரண்டு வாயும் மண்ணில் மூடிக் கிடக்கின்றன. ஒன்றும் பேசவில்லை."

மன்னன் சிரிக்கத்தான் போனான். ஆனால் அவன் பார்வை சோழிக் குவியலில் தங்கிவிட்டது.

"இவர்கள் ஏன் இதில் வைத்தார்கள், விடங்கா? திறக்கும் என்று இவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மன்னா. திறக்க வேண்டும் என்று ஏங்குகிறார்கள். சங்கம் தங்களைக் கைவிடாது என்று ஏங்குகிறார்கள். இவர்களால் காசு வைக்க மட்டும்தான் முடியும். கதவைத் திறக்கக் கூடியவர்களோ, திறக்காது என்று வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார்கள்."

மன்னன் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பி நின்றான்.

"அரசி வருவாளா என்று ஒரு கேள்வி வைத்தார்களே" என்றான் மெதுவாக. "நான் எதில் வைத்திருப்பேன்?"

"அது தங்களுக்குத்தான் தெரியும். ஆனால் மன்னா, அந்தக் கேள்விக்கு ஊரெல்லாம் காசு வைக்கலாம். ஓடம் ஏறிப் போய் அழைக்கக் கூடியவர் ஒருவர்தான். அவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்."

மன்னன் விடங்கனை முறைத்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று முதலில் தெரியவில்லை. சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடே, என்னையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டாயே!" என்று வாய்விட்டுச் சிரித்தான்.

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டான். தெரு அப்போதே திறந்தது. விசயராயரின் பதவி போயிற்று. சங்கத்தைக் கலைத்துவிடலாமா என்று மன்னன் கேட்டபோது சாத்திதான் முன்னால் வந்தாள்.

"வேண்டாம் ராசா. எங்களுக்குப் பேச ஆளு வேணும். எங்க கூடையில பிடி எடுக்கிறவங்க, நாங்க தோத்தா எங்களோட சேர்ந்து தோக்கட்டும், அது போதும்." மக்கள் அவளையே தலைவியாக்கினார்கள்.

மன்னன் குடையும் படையும் இல்லாமல் ஓடம் ஏறினான். அல்லியங்கோதை வாசலுக்கு வந்து அவனைப் பார்த்தாள், உள்ளே கூப்பிடவில்லை. "வந்தது தெரிந்தது. நாளைக்கும் வாருங்கள், பார்க்கலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். ஓடக்காரன் அவனுக்கென்று ஒரு பலகையைத் துடைத்து வைக்க ஆரம்பித்தான். ஆற்றில் புதுவெள்ளம் இறங்கிய ஒரு காலை, அவள் மூட்டையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஓடம் நடு ஆற்றுக்கு வந்ததும் மன்னன் கேட்டான்: "முதல் நாளே வந்திருக்கலாமே. ஏன் இத்தனை நாள் அலைய விட்டாய்?"

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்: "இத்தனை மாதம் நானும் எங்கள் வீட்டு மாடத்தில் நின்று ஒவ்வொரு ஓடமாகப் பார்த்தேன். கடைசியில் நீங்கள் வந்தபோது, இறங்கி வருவதை எவ்வளவு பார்த்தும் போதவில்லை."