ஒன்பதாம் வளையம்

மண்ணும் மூச்சு விடும். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மாசிலாமணி அதை அளந்தே இருபத்துநான்கு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

கொடைக்கானல் மலையில் ஒரு சோலைக்காடு. அதற்குள் பத்து இடங்களில், மண்ணில் பதித்த பத்து வளையங்கள். மாதம் இருமுறை காலையில் போய், ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். மண்ணிலிருந்து எவ்வளவு கரியமில வாயு கிளம்புகிறது என்று இரண்டே நிமிடத்தில் கருவி சொல்லிவிடும். உதிர்ந்த இலையும் செத்த வேரும் மக்கிச் சேர்ந்த கரி, அதாவது கார்பன், மண்ணில் எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு காற்றோடு போகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. அவர் கட்டுரைகளை முழுக்க வாசித்தவர்களை ஒரே ஜீப்பில் ஏற்றிவிடலாம். கால் நீட்டி உட்காரவும் இடம் மிஞ்சும்.

மனைவி செண்பகம் இறந்து ஆறு வருஷம். மகள் ரத்னா கனடாவில். கூட வரும் வனக்காவலர் காட்டுமாடு வருகிறதா என்று பார்த்தபடி பாதையிலேயே நின்றுவிடுவார். காட்டிலும் சரி, வீட்டிலும் சரி, மாசிலாமணி தனியாள்தான். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதன் பிறகு தன்னை யாரும் தேடப்போவதில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஒன்பதாம் வளையம் அவருக்குக் கைகொடுத்தது. மற்றவை கருவியின் கணக்கில் மூன்று, மூன்றரை என்று ஒழுங்காக மூச்சு விட, அது மட்டும் ஆறு வருஷமாக ஐந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதன் அருகே ஒரு பெரிய மரம் அந்த ஏற்றம் தொடங்கிய அதே வருஷத்து மழையில் சாய்ந்திருந்தது. மரம் விழுந்த இடைவெளியில் வெயில் இறங்கி, நூறு வருஷத்துக் கரி மண்ணை விட்டுக் கிளம்புகிறது என்று மாசிலாமணி எழுதினார். பெரிய ஆய்விதழ் ஒன்று, முழுக் கட்டுரையை உடனே அனுப்புங்கள் என்று பதில் போட்டது. அப்படி ஒரு பதில் அவருக்கு வந்ததே இல்லை. அன்று அவர் வீட்டில் தனக்குத்தானே பாயசம் வைத்துக் குடித்தார்.

அனுப்பத்தான் கை வரவில்லை. மூன்றாம் வளையத்தின் பக்கத்திலும் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அந்த வளையமோ அது பாட்டுக்கு மூன்றிலேயே நின்றது.

தன் ஆசிரியை பிலோமினாவுக்குப் போன் போட்டார். எழுபத்தாறு வயது. மண்ணைப் பிடித்துப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

“மேடம், ஒன்பது மட்டும் ஏன் இப்படி மூச்சு விடுது?”

“எப்பலேர்ந்து?”

“ஆறு வருஷமா.”

“அந்த வருஷம் என்ன நடந்தது?”

“காட்டுல வேற ஒண்ணும் நடக்கலை மேடம். மரம் விழுந்ததுதான்.”

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சரி, வர்றேன்” என்றார் பிலோமினா.

முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே அவர் மலையேறி வந்தார். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு பென்சில். வளையங்களைத் தொடவில்லை. கட்டுரையைக் கேட்கவில்லை.

“நான் வந்ததா நினைக்காதே. எப்பவும் போல அள.”

மாசிலாமணி அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாகப் பெட்டியைக் கவிழ்த்து, தள்ளி நின்று, எண்ணைக் குறித்தார். பிலோமினா பத்தடி தள்ளி நாற்காலியைப் போட்டுப் போட்டுப் பின்னாலேயே வந்தார். பனி இறங்கியிருந்தது. காற்று கொஞ்சமும் அசையவில்லை.

ஒன்பதில் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, வழக்கம் போல விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார். அந்தச் சுற்றில் உட்கார நல்ல இடம் அது ஒன்றுதான்; மூன்றாம் வளையத்து மரம் முட்புதருக்குள் கிடந்தது. முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து, பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். அங்கே உட்கார்ந்தால் மனசு கொஞ்சம் லேசாகும். இரண்டு நிமிடமும் போனதே தெரியாது.

கருவி ஐந்தே கால் என்றது.

“பாத்தீங்களா மேடம்?” என்று எழுந்தார். “இன்னிக்கும் அஞ்சே கால்!”

“பாத்தேன். யாரோட பேசிட்டிருந்தே?”

“நான் பேசலையே.”

பிலோமினா நோட்டை நீட்டினார். மாசிலாமணி வாங்கிப் பார்த்தார். எட்டு மணி பன்னிரண்டு நிமிடம் என்று மேலே போட்டு, கீழே பென்சிலில் எழுதியிருந்தது.

கேஸ் நேத்தே புக் பண்ணிட்டேன். ரத்னா இந்த வருஷமும் வரலையாம், லீவு இல்லையாம், நீ ஒண்ணும் நினைச்சுக்காதே. மோட்டார் சரியா தண்ணி ஏத்தலை. மேடம் வந்திருக்காங்க, அதே நாற்காலி. முழங்கால்தான் பாவம். உன் நீலச் சேலை பீரோவில அப்படியேதான் இருக்கு.

அவர் இரண்டு முறை வாசித்தார். எழுத்து ஆசிரியையுடையது. பேச்சு மாசிலாமணியுடையதுதான். செண்பகத்திடம் மட்டுமே அவர் அப்படிப் பேசுவது வழக்கம். மனசுக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழவே இல்லை. கேட்கிற ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

“பெட்டியில காத்து அழுத்தம் சமமாக ஒரு துவாரம் இருக்குமே, அது எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார் பிலோமினா.

அவர் பார்த்தார். துவாரம் மரத்தைப் பார்த்து இருந்தது. திருப்பி வைத்தால் கருவியின் ஒயர் எட்டாததால் எப்போதும் அப்படித்தான் வைப்பார். முதல் வருஷத்து மாணவனுக்குச் சொல்லும் முதல் பாடம், பெட்டிப் பக்கம் மூச்சு விடாதே, உன் மூச்சிலும் கரியமில வாயு இருக்கிறது என்பது. அவரே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

“பாதைக்குப் போய் நில்லு.”

மாசிலாமணி போய் வனக்காவலரின் பக்கத்தில் நின்றார். ஆசிரியை பெட்டியைத் திறந்து, காற்றாட விட்டு, மறுபடி கவிழ்த்தார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தள்ளிப்போனார். அந்த இரண்டு நிமிடம் மாசிலாமணிக்குப் போகவே இல்லை. நூறு வருஷத்துக் கரியே, ஒரு தடவை கிளம்பு என்று அவர் வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டார்.

“மூணேகால்!” என்று பிலோமினா குரல் கொடுத்தார்.

மாசிலாமணி திரும்பி வந்து மரத்தில் உட்கார்ந்தார். உடனே பதறி எழுந்து நின்றார். எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

“கட்டுரை போச்சு.”

“போச்சு.”

“என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் மேடம்.”

“மத்த ஒன்பது வளையமும் இருபத்துநாலு வருஷமா நிலையா நிக்குது. காடு கரியைப் பிடிச்சு வைச்சிருக்கு. அதை எழுது.”

“அதை யார் படிப்பாங்க?”

“ரொம்பப் பேர் படிக்கமாட்டாங்க.”

ஆசிரியை பொய் சொல்லித் தேற்றும் ரகம் இல்லை. மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. பிலோமினா நாற்காலியை மடக்கிவிட்டு, அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை மேலே கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி” என்றார் மாசிலாமணி. “ஒன்பதை எடுத்துடறேன். கருவிக் கோளாறுன்னு ஒரு வரி போட்டுட்டா ஆச்சு.”

“கருவி கோளாறா இருந்துச்சா?”

“இல்லை.”

“அப்புறம்?”

“எல்லாரும் போடறதுதானே மேடம்?”

“நான் உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேனா?”

மாசிலாமணி பெட்டியை எடுத்து ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பாதையில் வனக்காவலர் தொண்டையைச் செருமினார்.

“அப்போ என்னன்னு எழுத?”

“நடந்ததை எழுது. அளந்தவர் இந்த இடத்தில் உட்கார்ந்து தன் மனைவியுடன் பேசிக்கொண்டிருந்ததால், ஆறு வருஷத்து எண்கள் நீக்கப்படுகின்றன.”

“மேடம்!”

“ரெண்டு வரிதான். போதும்.”

“அவ இல்லையே மேடம். செத்துப்போனவளோட பேசிட்டிருந்தேன்னு எப்படி எழுதுறது? உலகமே சிரிக்கும். இந்த இருபத்துநாலு வருஷத்தில இவனுக்குக் கடைசியா மிஞ்சினது இதுதானான்னு கேப்பாங்க.”

பிலோமினா நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, நான்காக மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார்.

“அவ இருந்தாளா இல்லையான்னு கருவிக்குத் தெரியாது, மாசிலாமணி. இங்கே ஒரு மனுஷன் உயிரோட உட்கார்ந்திருக்கான்னு மட்டும் அதுக்குத் தெரிஞ்சுது. ஆறு வருஷமா அதைத்தான் அது உன்கிட்ட சொல்லிட்டே இருக்கு.”