தினையைவிடச் சின்னது

மூங்கில் காட்டில் செம்பி என்ற புள்ளிமான் பள்ளத்தில் விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டது. எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது. ஆனால் கால் மேலே இழுத்துக்கொண்டது. நின்றால் குளம்பு தரையைத் தொடாமல் ஒரு விரல் கனம் அந்தரத்தில் தொங்கும்.

மழைக்காலம் நெருங்கியது. ஆறு பெருகுமுன் மான் கூட்டம் அக்கரை மேட்டுக்குப் போயாக வேண்டும். இக்கரையில் தனியாக நிற்கிற மான் செந்நாய்களுக்குத்தான் சாப்பாடு!

"செம்பியின் கால் இறங்குகிறது என்று தெரிந்தால் காத்திருப்போம். இல்லையென்றால் இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் கிளம்ப வேண்டியதுதான்," என்றது கூட்டத்தலைவன் கொம்பன்.

அளந்து பார்க்கும் பொறுப்பு முள்ளையா என்ற முள்ளம்பன்றிக்கு. நல்ல மனசுதான். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் பார்க்காது!

அந்தக் காட்டில் தினைதான் கடைசி அளவு. தினைக்குக் குறைந்ததெல்லாம் இல்லாததுதான். தினமும் காலையில் செம்பி ஒரு கறையான் புற்றை ஒட்டி நிற்கும். குளம்பு தொங்கும் உயரத்தில் முள்ளையா புற்றின்மேல் ஒரு கோடு கிழிக்கும். நேற்றைய கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவில் ஒரு தினையை வைத்துப் பார்க்கும். தினை அடங்காது. "ஒன்றுமில்லை!" என்று சொல்லிவிட்டுப் பழைய கோட்டை மண் பூசி அழித்துவிடும். இரண்டு கோடு கிடந்தால் மறுநாள் குழம்பிவிடுமாம். என்ன ஒரு ஒழுங்கு பாருங்கள்!

எட்டு நாள் அளந்தது. எட்டு நாளும் "ஒன்றுமில்லை!"

செம்பி சாப்பாட்டையே விட்டுவிட்டது. அதன் தோழி தவ்வி என்ற முயல் இளம்புல்லாகப் பார்த்துக் கடித்துவந்து வாயருகே வைத்தது.

"ஒரு வாய் தின்னுடி."

"எதுக்கு தவ்வி? செந்நாய்க்குக் கொழுப்பு வேணும்னா?"

தவ்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேராக முள்ளையாவிடம் ஓடியது.

"அண்ணே! அவள் கால் தினமும் துளித் துளியாக இறங்குகிறது. எனக்குத் தெரியும்!"

"இறங்குவது ஏதாவது இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஒரு தினையளவு காட்டு. இல்லையென்றால் இல்லை. எட்டு ஒன்றுமில்லையைக் கூட்டினாலும் ஒன்றுமில்லைதானே, அம்மா?"

தவ்வி விடுவிடுவென்று புற்றருகே போய் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

மறுநாள் ஒன்பதாம் நாள். முள்ளையா கோடு கிழித்தது. வழக்கம்போல் பழைய கோட்டை அழிக்க மண்ணை அள்ளியது. தவ்வி பாய்ந்து வந்து புற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"இந்தக் கோட்டை அழிக்க விடமாட்டேன்!"

"குழம்பிவிடும், அம்மா!"

"குழம்பட்டும்! அவள் உயிர் போகப்போகிறது, உங்களுக்குக் கோடு குழம்புவதுதான் பெரிசா?"

முள்ளையா செம்பியைப் பார்த்தது. விலா எலும்பு தெரிய நின்றது செம்பி. முள்ளையா மண்ணைக் கீழே போட்டது.

மூன்று நாள் அந்தப் பழைய கோட்டைத் தவ்வி காவல் காத்தது. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத முயல் மூன்று நாள் அசையவில்லை!

பன்னிரண்டாம் நாள் வந்தது. கூட்டமே கிளம்பத் தயாராகச் சுற்றி நின்றது. முள்ளையா புதுக்கோடு கிழித்தது. நேற்றைய கோட்டுக்கும் அதற்கும் நடுவில் தினை அடங்கவில்லை. பிறகு, தவ்வி காத்த கோட்டுக்கும் அதற்கும் நடுவில் வைத்தது. தினை அம்சமாக உட்கார்ந்தது!

முள்ளையா தினையை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தது. "எந்த நாளும் ஒன்றும் வரவில்லையே! இது எப்போது வந்தது?"

"அதை நீ நிதானமாக யோசி," என்றது கொம்பன். "ஆறு இன்னும் முழங்கால் ஆழம்தான். வயிற்றைத் தொடும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்."

"ஐயோ, தினமும் அவள் குணமானதை நானே அழித்துப் போட்டேனே!" என்று முள்ளையா விக்கி விக்கி அழுதது.

செம்பி அன்றைக்கே புல் மேய்ந்தது. இருபதாவது நாள் ஆற்றுத் தண்ணீர் மான்களின் வயிற்றை நனைத்தபோது அதன் குளம்பு தரையில் ஊன்றியது. கூட்டம் ஆற்றில் இறங்கியது. முள்ளையா கரை விளிம்பு வரை கூட வந்தது.

"செம்பி, ஒரு நிமிஷம்! ஒவ்வொரு நாளும் இறங்கியதே, அதை இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது?"

"பெயரை யாராவது பிறகு வைத்துக்கொள்ளட்டும், அண்ணே. எனக்கு இப்போது நடக்க வேண்டியிருக்கிறது!" என்று சிரித்தது செம்பி. நான்கு கால்களையும் ஊன்றித் தண்ணீருக்குள் நடந்தது.

அளவுக்குள் அகப்படவில்லை என்பதற்காக எதையும் இல்லை என்று அழித்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் அதனால்தான் பிழைத்து வந்துகொண்டிருப்பார்.