வெளியே உட்கார்ந்தவள்

"மாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ரெபேக்காள்.

வெள்ளத்தாய் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரெபேக்காளைவிட அவள் இரண்டு வயது சின்னவள். ஆனாலும் கபடி கற்றுக்கொடுத்தது அவள்தான். அதனால் இவள் அவளை மாஸ்டர் என்பாள், அவள் இவளை யக்கா என்பாள். ஊரில் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை.

"என்ன பயம்? அதான் கோச் ஆக்கிட்டாங்களே."

அதுதான் பயம். பெண்கள் அணிக்குக் கோச் தேடிக் கபடிச் சங்கத்துக் கமிட்டிக்காரர்கள் ஊரெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் கைக்கெட்டிய ரெபேக்காளையே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவளும் மில் வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இனி இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நாளைக் காலைக்குள் துணைக் கோச்சுகள் யார் யார் என்று அவள் சொல்லியாக வேண்டும்.

முந்தைய கோச் எப்படிப் போனார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தொடர்ந்து தோற்றதும், வேறு ஆள் தேடி அலுத்த கமிட்டிக்காரர்கள் அவருடைய துணைக் கோச்சைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னால் முடியுமா என்று கேட்டார்கள். அந்தத் துணைக் கோச் வேறு யாருமில்லை, ரெபேக்காள்தான். முடியும் என்று சொன்ன வாயில் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

எல்லாரும் மாடத்தியைச் சேர்த்துக்கொள் என்கிறார்கள். ஆட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுகிறவள் மாடத்தி. அவள் பேரை எடுத்தாலே ரெபேக்காள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

"அவ வந்தா ஆறே மாசத்துல என் இடத்துல உக்காந்துருவா, மாஸ்டர். நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு, என்னைவிடக் கொஞ்சம் விவரம் கம்மியா ரெண்டு பேர் இருந்தாப் போதும். அது தப்பா?"

வெள்ளத்தாய் சுண்ணாம்பைக் கீழே வைத்தாள். கையைத் தட்டி, பயிற்சிக்கு வந்திருந்த பெண்களைக் கூப்பிட்டாள்.

"யக்கா, உன் பக்கத்துக்கு ஆறு பேரை எடு. இப்பச் சொன்னியே, அந்த மாதிரியே பாத்து எடு."

ரெபேக்காள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு எடுத்தாள். ஆள் பார்ப்பதில் பயத்தை மிஞ்ச முடியாது. தலையாட்டுகிறவர்களாக ஒரே பார்வையில் பொறுக்கிவிட்டாள். துடியானவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள்.

முதலில் ரெபேக்காளே பாடிப் போனாள். மூலையில் நின்ற குட்டைப் பெண் ஒருத்தி அவள் கணுக்காலைப் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். மூச்சு விட்டுப்போனது. ரெபேக்காள் அவுட்.

வெளியே போய் உட்கார்ந்தாள். அதிலொன்றும் கவலையில்லை. தன் பக்கத்தில் ஒருத்தி எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தாலோ, பாடி வருகிறவளைப் பிடித்துவிட்டாலோ போதும், வெளியே இருப்பவள் உள்ளே போய்விடலாம். கபடியில் அவுட்டானவள் தானாக உள்ளே வர முடியாது.

அவளுடைய ஆட்கள் பாடிப் போனார்கள். கோட்டைத் தாண்டியதும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வெறுங்கையோடு வந்தார்கள். எதிர்ப்பக்கத்துக்காரிகளோ வரும்போதெல்லாம் ஒருத்தியைத் தொட்டுக்கொண்டு போனார்கள். தொடப்பட்டவர்கள் வந்து ரெபேக்காளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

இது வெறும் பயிற்சிதானே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நெஞ்சு கேட்கவில்லை.

கடைசியில் உள்ளே ஒருத்திதான் மிச்சம். அவளும் பாடிப் போகாமல், என்ன செய்யணும்க்கா என்று கேட்பதுபோல ரெபேக்காளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர்," என்றாள் ரெபேக்காள். "நான் எப்ப உள்ள வர்றது?"

"என்கிட்ட எதுக்குக் கேக்க?" என்றாள் வெள்ளத்தாய். "நீ எடுத்த ஆளைக் கேளு."