கண்ணை மூடிச் சென்னைக்குப் போன மாப்பிள்ளை

சுரைக்காய்ப்பட்டி ஆவுடையப்பனுக்குச் சென்னையில் பெண் அமைந்தது. காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம். தவறினால் தாலி கட்டப் பெண்ணின் முறைமாப்பிள்ளை ஒருத்தன் பட்டுவேட்டியோடு தயாராக இருந்தான். அதை நினைத்து நினைத்தே ஆவுடையப்பனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா போனில் தைரியம் சொன்னார். மதுரையிலிருந்து ரோட்டு வழி நானூற்று அறுபது கிலோமீட்டர், ஆகாய வழி நானூற்று இருபதுதானாம். ஏழு மணி விமானம். ஒரு மணி பத்து நிமிஷப் பயணம். "கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள சென்னை வந்துரும் மாப்ள."

மிச்ச நாற்பது கிலோமீட்டர் எங்கே போச்சு என்று தாய்மாமன் சங்கிலிமுத்துவும் கூட்டாளி பெரியகருப்பனும் விமான நிலையம் வரும்வரை விவாதித்தார்கள். சூரியனுக்குக் கிட்டே இருப்பதால் வழி காய்ந்து சுருங்கியிருக்கும் என்று முடிவானது.

சோதனையெல்லாம் முடிந்து காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சரியாக ஏழு மணிக்கு மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

"நடுவுல திறந்துட்டா?" என்றான் ஆவுடையப்பன்.

"திறந்த ஊர்லயே இறங்கிக்கிற வேண்டியதுதான்" என்றார் மாமன்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி, பயணி ஆவுடையப்பன் உடனே வரவும் என்று மூன்று தரம் கூப்பிட்டது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மாமன் தொடையை அமுக்கினார். "இது திருச்சி. இங்கயும் நம்மளத் தெரிஞ்சு வச்சிருக்கான். அசையாத."

நேரத்தைப் பெரியகருப்பன் விரல் விட்டு எண்ணினான். தும்மல் வந்து இரண்டு தரம் கணக்குத் தப்பியதால், முதலிலிருந்து எண்ணினான்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஊழியர் ஒருவர் நின்றார். விமானம் எப்பவோ போயிடுச்சுங்க என்றார்.

"போகட்டும். எறக்கிவிட்டா போகத்தானே செய்யும்" என்றார் மாமன்.

"ஐயா, இது மதுரை. மணி பத்தரை."

முகூர்த்தம் போச்சே என்று ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். மாமன் மட்டும் நிதானமாகக் கணக்குப் போட்டார். "ஏழுலருந்து பத்தரை. போக ஒரு மணி பத்து நிமிஷம், திரும்பி வர ஒரு மணி பத்து நிமிஷம். நடுவுல இன்னொரு ஒரு மணி பத்து நிமிஷம் இருக்கே மருமகனே, அதுல என்ன நடந்திருக்கும்?"

"கல்யாணமா?"

சந்தேகம் தீரப் பெண்ணின் அப்பாவுக்கே போன் போட்டான். மாமனார் இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார்: "தாலி கட்டியாச்சு."

"கட்டியாச்சாம்" என்றான் ஆவுடையப்பன், முகமெல்லாம் பல்லாக. பெரியகருப்பன் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். பொண்ணு எப்படியிருந்தா என்றும் கேட்டான்.

"கண்ணத் திறந்தாத்தானடா தெரியும்?"

அப்படியும் மாப்பிள்ளைக்கு ஒரு சின்னக் குறை. "ஏன் மாமா, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டும் வயிறு இப்படிக் கத்துது?"

மாமன் யோசித்தார். "பொண்ணு மாப்பிள்ளைக்குக் கடைசிப் பந்திதான. அதுக்குள்ள ஒன்னைய நாங்க கூட்டிட்டு வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பெருசாக ஓர் ஏப்பம் விட்டார்.