கழுத்தை அறுக்காத பெல்ட்

சின்னாண்டிவலசில் மூளை குறைந்தவர்கள் யாரும் இல்லை. இருக்கிற மூளையை அளவுக்கு மேல் செலவு செய்கிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். ஸ்டூடியோ வைத்திருந்த நாச்சிமுத்து படம் எடுப்பார். அவருடைய சித்தப்பா மகன் செங்கோடன் லைட் பிடிப்பார். இன்னொரு பங்காளி ராக்கியப்பன் வெள்ளைக் குடை பிடிப்பார். அந்தக் குடை எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மழை வரும் என்று பத்து வருஷமாகக் காத்திருக்கிறார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், "சாப்பாட்டை நல்லாக் கிட்டக்கப் போயி எடுங்க" என்று பெண்ணின் மாமா சொல்லிவிட்டார். நாச்சிமுத்து போனார். கேமரா அவரைவிடக் கிட்டே போய் ரச அண்டாவுக்குள் விழுந்தது. அதற்கப்புறம் ஸ்டூடியோவைத் திறக்க வேலையே இல்லை. கடைசியில் அவர் மனைவி பாவாத்தாள், பேர் வைத்து வளர்த்த நாலு வெள்ளாட்டை விற்றுப் புதுக் கேமரா வாங்கித் தந்தாள்.

"இது கீழ வுழுந்துச்சுன்னா நீங்க இந்த வாசப்படி ஏறக் கூடாதுங்க. சொல்லிப்போட்டேன்" என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு மனைவி மேல் பயம் பாதி, ஆசை பாதி. அவளைப் பிரிந்து ஒரு வேளை சாப்பிட்டாலும் இறங்காது. வெள்ளிக்கிழமை எண்ணெய் மில் அவிநாசியப்பன் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் கேமராவைப் பத்திரப்படுத்தியாக வேண்டும். உடனே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, டவுனில் கேமரா பெல்ட் விற்கிற கடைக்குப் போனார்.

கடைக்காரர் பொறுமைசாலி. அன்று காலை வரை அப்படித்தான் பேர் வாங்கியிருந்தார்.

"மெல்லிசா இருந்தா கழுத்த அறுக்கும்ங்க. இது அகலப் பட்டை, உள்ளே பஞ்சு வெச்சது. அஞ்சு கிலோ தாங்கும். நீங்களே இழுத்துப் பாருங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

நாச்சிமுத்து பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். செங்கோடன் ஒரு முனையை வடக்கே இழுத்தார். ராக்கியப்பன் மறு முனையைத் தெற்கே இழுத்தார். நாச்சிமுத்துவின் கண் பிதுங்கியது.

"பட்டை அறுந்துச்சா?" என்றார் செங்கோடன்.

"பட்டை அறுவலீங்ணா. அண்ணந்தான் ஒரு மாதிரி ஆயிட்டாரு."

"அப்ப நல்ல பட்டைதான்."

அடுத்து கேமராவைப் பெல்ட்டில் கோத்தார்கள். கேமரா ஒரு கிலோ. ராக்கியப்பன் முகம் சுண்டிவிட்டது.

"அஞ்சு கிலோ தாங்கும்னுதானுங்ணா சொன்னாரு. ஒரு கிலோவத் தாங்கும்னு அவரு வாயில வரவே இல்லையே?"

மூவரும் யோசித்தார்கள். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எதிர்ச் சந்தையில் நாலு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி, பையோடு அதையும் பெல்ட்டில் கட்டினார்கள். இப்போது கணக்குச் சரியாக ஐந்து கிலோ. நாச்சிமுத்து கடைவீதியில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். கழுத்து சிவந்துபோனது. வழியில் ஒரு அம்மாள் வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அறுக்குதே!" என்று கடைக்காரரிடம் வந்து நின்றார்.

"ஐயா சாமி, வெங்காயத்தக் கழட்டுங்க!"

கழற்றினார்கள். முக்கால்வாசி வலி போயிற்று. மீதிக் கால்வாசியை என்ன செய்வது என்று செங்கோடன் தலையைச் சொறிந்தார். சொறிந்த கை நின்றது.

"வெங்காயத்தக் கழட்டுனதுல இத்தன சொகம்னா, கேமராவையும் கழட்டுனா?"

கேமராவையும் கழற்றினார்கள். நாச்சிமுத்து வெறும் பெல்ட்டோடு நாலு எட்டு நடந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், ஒரு குதி குதித்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து ராக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெல்ட்டுல ஒரு கொறையும் இல்லப்பா. அத்தனையும் கேமரா பண்ற வேலை" என்றார் நாச்சிமுத்து. "பெல்ட் கழுத்துல, கேமரா பீரோவுல. கழுத்துக்கும் சொகம், கேமராவுக்கும் பத்திரம்."

கடைக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் கல்யாண மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்கள். புது பெல்ட் நாச்சிமுத்துவின் கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது. அவிநாசியப்பன் பட்டு வேட்டியோடு ஓடி வந்தார்.

"கேமரா எங்கப்பா?"

"பீரோவுல இருக்குதுங்க. சாவி இடுப்புல இருக்குது. நீங்க கவலையே படாதீங்க."

"முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான்யா இருக்குது! நீ என்ன பண்ணுவயோ ஏது பண்ணுவயோ, எனக்குக் கேமரா இங்க வந்தாகோணும்!"

நாச்சிமுத்து இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேமரா வராவிட்டால் பிழைப்பு போகும். பீரோவிலிருந்து எடுத்து வரும் வழியில் அது கீழே விழுந்தால் பாவாத்தாள் போவாள். ஓரமாகப் போய் மூவரும் கலந்து பேசினார்கள்.

"பெல்ட்டுல மாட்டிக் கொண்டாந்தா?" என்றார் ராக்கியப்பன்.

"கேமராவ மாட்டுனா பெல்ட் கெட்டுப்போயிருமப்பா. அன்னிக்கே பாத்தமல்ல?"

"பீரோவுல இருக்கற வரைக்கும் கேமரா பத்திரம். அப்படித்தானுங்ணா?" என்றார் செங்கோடன்.

"ஆமா."

"அப்ப அது பீரோவுலயே இருக்கட்டும். பீரோ வரட்டும்."

மில் டெம்போவும் நாலு சுமைக்காரர்களும் கிடைத்தார்கள். பாவாத்தாள் காட்டில் களையெடுக்கப் போயிருந்தாள். அரை மணி நேரத்தில், பச்சை வண்ண இரும்பு பீரோ மணமேடைக்கு எதிரே வந்து நின்றது. கதவைத் திறந்தால், நடுத் தட்டில் பாவாத்தாளின் சேலைகளுக்கு நடுவே கேமரா சொகுசாக உட்கார்ந்திருந்தது. நாச்சிமுத்து தலையை உள்ளே விட்டுப் படம் எடுத்தார். "கிட்டக்கப் போங்க" என்று பெண் வீட்டார் சொன்னபோதெல்லாம் சுமைக்காரர்கள் பீரோவைத் தூக்கிக் கிட்டே வைத்தார்கள். கெட்டிமேளம் முழங்கியபோது பீரோ மேடை மேலேயே ஏறிவிட்டது. தாலி கட்டிய மாப்பிள்ளை, பயத்தில் மூன்றாவது முடிச்சை ரொம்பவே இறுக்கிப் போட்டார்.

கேமரா ஒரு விரல்கடைகூட நகரவில்லை. நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெல்ட்டைத் தடவிக்கொண்டே, கேமராவோடு பீரோவைப் பூட்டிவிட்டு, கூட்டாளிகளோடு சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டார்.

மேடையில் ஒரு பீரோ நின்றால் கல்யாண வீட்டில் அது என்னவென்று நினைப்பார்கள்? பெண் வீட்டுச் சீர் என்றுதான். ஒரு அத்தை அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி மாலை போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கட்டில், மெத்தை, அண்டா, குண்டாவோடு பீரோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் மூவரும் பாயசம் குடித்துக்கொண்டே அந்த லாரிக்குக் கையாட்டினார்கள்.

சாயங்காலம் பாவாத்தாள் வாசற்படியில் நின்றிருந்தாள். வீட்டுக்குள் பீரோ இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது.

"கேமரா வுழுந்துச்சா?"

"வுழவே இல்ல பாவா! நீ சொன்னது மாதிரியே. இப்ப மாப்ள வூட்டுல பூட்டிக் கெடக்குது. சாவிகூட எங்கிட்டத்தான் இருக்குது!"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாள் பீரோவோடு வந்து இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் கதவை நெம்பித் திறந்திருந்தார்கள். சேலையில் ஒன்றைப் புதுப்பெண் கட்டியிருந்தாளாம்; அவளுக்கு எடுப்பாக இருந்ததால் பாவாத்தாள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. படங்களும் அருமையாக வந்திருந்தன. எல்லாப் படத்திலும் இடது ஓரம் ஒரு சேலைக் கரை தெரிந்தது. அதுதான் இந்தக் காலத்து பாணி என்று அவிநாசியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

"கேமரா கெடக்கட்டும். இனி இந்த பீரோவக் கண்ண வுட்டு மறைய வுட்டீங்கன்னா, வாசப்படி ஏற முடியாது" என்றாள் பாவாத்தாள்.

திங்கட்கிழமை கடைக்காரர் கதவைத் திறந்தபோது மூவரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"போன தடவ நாங்கதானுங்க தப்புப் பண்ணிப்போட்டோம்" என்றார் நாச்சிமுத்து. "பெல்ட் வேண்டியிருந்தது கேமராவுக்கு இல்லீங்க, பீரோவுக்கு. இதே மாதிரி அகலமா, உள்ள பஞ்சு வெச்சு ஒண்ணு குடுங்க. கழுத்த மட்டும் அறுக்கக் கூடாது."

கடைக்காரர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "எத்தன கிலோ?"

"எம்பது" என்றார் நாச்சிமுத்து.

ராக்கியப்பன் குடையை மடக்கினார். "நூறு கிலோ தாங்கறதா இருந்தாச் சொல்லுங்க. வெங்காயம் இருவது கிலோ கையோட கொண்டாந்திருக்கறமுங்க."