மணி கட்டுன வெள்ளைக் குதிரை

பிரியாணி வர பத்து நிமிஷம் லேட்டானா கடைக்காரன் வம்சத்தையே இழுக்குற வீரனுங்களா, கொஞ்சம் வாய மூடிட்டுக் கேளுங்க. பசியப் பத்தின கதை. உங்க சப்ஜெக்ட்டுதான்.

அமெரிக்காவுல சூன்னு ஒரு பழங்குடி ஜனம். அவங்க மண்ணுலேர்ந்து அவங்களையே வெரட்ட ஒரு பட்டாளம் கெளம்புச்சு. வண்டியெல்லாம் சேத்துல பொதைஞ்சு பின்தங்கிடுச்சு. மிச்சமிருந்த ரொட்டி, தோட்டா எல்லாம் நூறு கோவேறு கழுதைங்க முதுகுல.

அதுங்கள ஓட்டுறதுல பெரிய கை ரமோன்னு ஒரு மெக்சிகோக்காரன். அவன்கிட்ட தொழில் கத்துக்கச் சொல்லி வில்கின்ஸ்னு ஒரு சப்ளை ஆபீசரை அனுப்பியிருந்தாங்க. ரமோனை விட பத்து வயசு பெரியவர். இருந்தாலும் வாத்தியாரேன்னுதான் கூப்பிடுவார்.

ரமோன் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு.

"கழுதைய அடிக்காதீங்க ஆபீசரே. முன்னாடி போற வெள்ளைக் குதிரை கழுத்துல மணி இருக்குல்ல, அந்தச் சத்தத்துக்குப் பின்னாடியே வரும். சத்தம் நின்னா ஆளுக்கொரு பக்கம் போயிடும்."

மூணு நாள் அரைப்பட்டினி. நாலாம் நாள் ஒற்றன் வந்து, "பக்கத்துல சூ கிராமம் இருக்கு, கறி காயப் போட்டிருக்காங்க"ன்னான். பட்டாளம் பறந்துச்சு. மணிச் சத்தம்தான் எல்லாருக்கும் முன்னாடி.

ஜனங்க புள்ளைங்களத் தூக்கிட்டு மலைக்கு ஓடிட்டாங்க. கூடாரம் பூரா குளிர்காலத்துக்குக் காய வெச்ச காட்டெருமைக் கறி. சிப்பாயுங்க வயிறு முட்டத் தின்னானுங்க. மிச்சத்த எரிச்சிடுங்கன்னார் ஜெனரல். எரிச்சானுங்க.

வில்கின்ஸுக்கு ஒடம்பே கொதிச்சுது.

"பனி விழுந்தா அந்தப் புள்ளைங்க எதத் திங்கும் வாத்தியாரே? நாளைக்கு அடுத்த கிராமமாம். சோத்துல நெருப்பு வைக்கிறதுக்குப் பேரு சண்டையா? இத எவன்தான் நிறுத்துவான்?"

ரமோன் பல்லுல மாட்டுன கறிய குச்சியால குத்திட்டு இருந்தான்.

காலைல மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. ரமோன் போய் மணியக் கழட்டுனான். உள்ள புல்லை அடைச்சு சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு, குதிரைய ஒரு தட்டு தட்டி வெரட்டி விட்டான்.

மத்தியானத்துக்குள்ள கழுதைங்க மேட்டுக்கொண்ணு பள்ளத்துக்கொண்ணு. ரொட்டியோட, தோட்டாவோட.

ஜெனரல் கத்துனார். "நேத்து எரிச்ச கறியாவது இருந்திருந்தா..."

அதோட நிறுத்திட்டார். பட்டாளம் வந்த வழியே திரும்புச்சு. அடுத்த கிராமம் தப்பிச்சுது.

வில்கின்ஸ் ரமோன் சட்டையப் புடிச்சார். வாத்தியாரேன்னு கூப்பிட வாய் வரல.

"இவ்வளவுதானா? ஒரு மணியக் கழட்டுனா போதும்னா, நேத்தே ஏன்யா கழட்டல?"

ரமோன் மணிய எடுத்து அவர் கையில வெச்சான்.

"நேத்து எனக்கும் பசி, ஆபீசரே."